தைலம் தடவிய மூக்கு

அந்தக் கால் மறுபடியும் வந்துவிட்டது. ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது; பின்னால் யாரோ அந்தச் சந்து வழியாகக் காலை நீட்டி, மங்கை கை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டையின் மேல் அதைச் சாவகாசமாகச் சாய்த்திருந்தார்கள். ஆணா பெண்ணா தெரியாது. செருப்பு இல்லை, காலுறை இல்லை. பெருவிரல் நகம் மஞ்சளாய்த் தடித்து, ஓரத்தில் கறுப்பு அடைந்து, குதிகாலில் வெடிப்பு. முதல் தடவை வந்தபோது ஏதோ பை என்று நினைத்துத் தள்ளப் போனாள், கை பட்டதும் சூடாக இருந்தது, அந்தச் சூடுதான் இன்னும் புறங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தாயிற்று, போகவில்லை. பிள்ளைக்கு வாங்கின ஈரத்துணி, அதை இந்தக் காலுக்காகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. எழுந்து திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம். எந்தப் பாஷையில் கேட்பது? மடியில் பதினாலு மாதப் பிள்ளை தூங்குகிறது, எழுந்தால் அது முழித்துக்கொள்ளும். முழித்தால் பசிக்கும். பசித்தால் என்ன கொடுப்பது? அதனால் கால் இருக்கட்டும். இல்லை, இருக்கக் கூடாது. அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினால் ஜன்னல் கண்ணாடியில் யாரோ தலை சாய்த்துத் தூங்கின எண்ணெய்க் கறை, வட்டமாய், இரண்டு முடியோடு. முன்னால் இருக்கிற பையில் புத்தகம் இருக்கிறதா என்று கைவிட்டபோது மென்று துப்பின பபுள்கம் விரலில் இழுத்தது. சாப்பாட்டுப் பலகையை இறக்கினாள், யாரோ ஊற்றின இனிப்புத் தண்ணீர் காய்ந்து பிசுபிசுவென்று வந்தது, தூக்கி மாட்டிவிட்டாள். ஊரில் டவுன்பஸ்ஸில் போகாதவளா அவள்? மாட்டுச்சந்தை நாளில் கீரனூர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு நின்று வந்தவள்தான். ஆனால் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாம். கதவு திறந்திருக்கும், காற்று வரும், வாய்க்கால் வரும். இங்கே முந்நூறு பேர் விட்ட மூச்சைத்தான் முந்நூறு பேரும் இழுக்கிறார்கள், கோலாலம்பூரிலிருந்து மெல்போர்ன் வரைக்கும் எட்டு மணி நேரம், இன்னும் மூன்று இருக்கிறது, யாரோ வாயு விட்டால்கூட அது இறங்குமிடம் வரை கூடவே வரும்.

டிக்கெட்டு சல்லிசாக் கிடைச்சுச்சு புள்ள, விட்டா கிடைக்காது, என்று போனில் சொன்னார் கருப்பையா. அவள் புருஷன். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இவளும் சரி மாமா என்றாள். சல்லிசு என்றால் என்ன என்பது ஏறின பிறகுதான் தெரிந்தது. போர்வை வேண்டுமா, கார்டு. தண்ணீர் வேண்டுமா, கார்டு. பிள்ளைப் பாலுக்கு வெந்நீர் கேட்டால் அதற்கும் கார்டு, ரூபாய் நோட்டை நீட்டினால் அந்தப் பெண் உதட்டுச் சாயம் கலையாமல் சிரித்துத் தலையாட்டினாள். நடு இருக்கையில் இருந்த தேவகி அக்காதான், மலேசியாவில் கிள்ளானிலிருந்து மெல்போர்னில் மகன் வீட்டுக்குப் போகிறவள், தன் கார்டைத் தேய்த்து வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள். “நீ பசியாறலையா மா? காலையில இருந்து பாக்குறேன், ஒண்ணும் வாயில போடல.” மங்கை, “பசிக்கலக்கா” என்றாள். “பொய் சொல்லாத லா. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவளுக்குப் பசிக்காதா?” பசிக்கத்தான் செய்தது. ஆனால் வயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவில் அந்தக் கால் நின்றது. அக்காவுக்கு அந்தப் பக்கம், நடைபாதை ஓரத்தில், ஒரு ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மூச்சுக்கும் பூண்டும் பீரும் கலந்து ஒரு அலை வந்து போயிற்று. அக்கா தன் பையைத் துழாவி ஒரு சின்னத் தைலச் சீசாவை எடுத்துக் கொடுத்தாள். “ரெண்டு மூக்குலயும் நல்லாத் தடவிக்க. நான் அப்படித்தான் வருவேன். ஒண்ணும் தெரியாது.” தடவிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு நிமிஷத்தில் பூண்டும் இல்லை பீரும் இல்லை, உலகமே இல்லை, மூக்குக்குள் ஒரு பனிக்கட்டி மட்டும். அப்பாடா. இந்தச் சீசா அப்போது கிடைத்திருந்தால்.

அப்போது என்றால் இருபது மாதத்துக்கு முன்னால். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். பிள்ளை தலையில் வியர்த்திருக்கிறதா, இல்லை, குளிர்கிறது, லுங்கியை இழுத்து மூடு. போர்வைக்குக் கார்டு இல்லாததால் பிள்ளையைச் சுற்றியிருப்பது கருப்பையாவின் நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கி. பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே அத்தை, அவர் அம்மா, அதைத் தொட்டிலில் விரித்தாள், துவைக்காமல். அப்பன் வாடை தெரியணும்டி, இல்லாட்டி நாளைக்கு ஆளப் பாத்ததும் கத்தும், என்றாள். பிள்ளைக்குத் தெரியணும், சரி. தாய்க்கு? தாய் அந்தத் தொட்டில் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனது அத்தைக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள். மசக்கையில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று ஆகாது. மங்கையின் அக்காவுக்குச் சோறு கொதிக்கிற வாசம் ஆகாது. பக்கத்து வீட்டு ரோஸ்மேரிக்கு மல்லிகைப்பூ ஆகாது. மங்கைக்குப் புருஷன் ஆகவில்லை. சிரிக்கத்தான் வேண்டும், அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். துவாக்குடியில் வெல்டிங் பட்டறை, காலையில் போனால் பொழுது சாய வருவார், சட்டையில் சுட்ட இரும்பு வாசம், புகை, தலையில் தேங்காயெண்ணெய். கல்யாணமான புதிதில் அந்த வாசம் தெருமுனையில் வரும்போதே இவளுக்குத் தெரிந்துவிடும், அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். அதே வாசம், அதே மனுஷன், ஒருநாள் வாசலில் காலை வைத்ததும் குடல் ஏறி வாய்க்கு வந்தது. அவர் குளித்துவிட்டு வந்தார். வந்தது. சோப்பை மாற்றினார், நாலு சோப்பு மாற்றினார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்க் குமட்டியது. அத்தை திண்டாடி, “என் மாமியாதான் இவ வயித்துல வந்து பொறக்கப்போறா. அவளுக்குத்தான் எங்க வீட்டு ஆம்பளைக வாடையே ஆகாது” என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். என்னடி நெனச்சுக்கிட்டு இருக்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவளும் பதிலுக்கு நாலு கேட்டு, அழுது, முடிந்திருக்கும். சொல்லாத வார்த்தை எங்கே போகும்? பாயோடு மாடிக்குப் போயிற்று, அங்கிருந்து விமானம் ஏறிப் போயிற்று.

மெல்போர்னுக்கு வெல்டிங் வேலைக்குப் புறப்பட்ட அன்று, திருச்சி ஏர்போர்ட் வாசலில், எல்லாரும் நிற்கும்போது, பெட்டியை வைத்துவிட்டு அவர் கிட்டே வந்தார். காதோரமாய்க் குனிந்தார், ஏதோ சொல்ல. மூன்று மாத வயிறு. நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல வந்திருப்பார், போகிற மனுஷன் வேறு என்ன சொல்லுவார். அவள் கை தானாக முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தது. அவள் வைக்கவில்லை, கை வைத்தது. ஓங்கரித்தாள். அவர் சட்டென்று நிமிர்ந்து, பரவால்ல பரவால்ல என்று இரண்டு எட்டு பின்னால் போனார், முகம் சுண்டிப்போயிற்று, சுண்டின முகத்தோடே சிரித்தார், சிரித்தபடி கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார். அதுதான் கடைசி. ஐந்தாம் மாதம் மசக்கை விட்டது. சோறு மோந்து பார்த்தாள், சரியாக இருந்தது. மீன் சரியாக இருந்தது. பட்டறை வாசலில் வேண்டுமென்றே நின்று இரும்புப் புகையைக்கூட இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் செய்யவில்லை. அவரை மட்டும்தான் மோந்து பார்க்க முடியவில்லை, அவர் மெல்போர்னில் இருந்தார். போனில் வாசம் வராது. போனில் தினமும் பேசினார்கள், பிள்ளையைக் காட்டினாள், அவர் அங்கே தோசை சுட்டுக் காட்டினார், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒருநாள் கேட்டார், “இப்பவும் அப்படித்தானா?” அவளுக்குப் புரிந்தது. “எப்படி?” என்றாள். “ஒண்ணுமில்ல. சாப்டியா?” அவ்வளவுதான். ஏன் எப்படி என்று கேட்டேன்? இல்ல மாமா, இப்ப ஒண்ணும் இல்ல என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய்யா மெய்யா என்றே தெரியாததைப் பொய் என்று எப்படிச் சொல்வது? லுங்கியை மோந்து பார்த்தாள் ஒருநாள், யாரும் இல்லாதபோது, கண்ணை மூடிக்கொண்டு. துவைக்கிற சோப்பு வாசம். நூறு தடவை துவைத்தாயிற்று, அதில் எங்கே மனுஷன் இருப்பான். இன்னும் மூன்று மணி நேரம். அங்கே ஒரே அறை என்று சொல்லியிருக்கிறார், ஒரு கட்டில், குளிர்காலம், ஜன்னலைத் திறக்க முடியாது. மொட்டை மாடி கிடையாது. வயிறு புரண்டால் எங்கே போவார், எங்கே போவாள். ஒருவேளை அது மசக்கையே இல்லையோ. மசக்கை என்று எல்லாரும் பேர் வைத்தார்கள், உடம்பு வேறு எதையோ சொன்னதோ? சீ. கால் பெருவிரலை ஆட்டுகிறது. பாட்டுக் கேட்கிறது போல. தாளம் போடுகிறது.

பிள்ளை முழித்துக்கொண்டது. முழித்ததும் முதலில் அம்மா முகத்தைப் பார்த்தது, அப்புறம் அந்தப் பெருவிரலைப் பார்த்தது. மங்கை பையைத் துழாவினாள். பால்மாவு தீர்ந்துவிட்டது, இன்னொரு தடவை அக்காவிடம் கார்டு கேட்க வாய் வரவில்லை, மார்பில் வைத்தால் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருந்தாலும் டயப்பர்களுக்கு நடுவில் ஒரு டப்பா இருந்தது: பொடி இட்லி. ஊரை விட்டுப் போகிறவர்களுக்குப் பொடி இட்லி இல்லாமல் யார் அனுப்புவார்கள். நேற்று மத்தியானம் அத்தை செய்தாள், நல்லெண்ணெய் ஊறஊறப் புரட்டி, பிள்ளைக்கென்று காரம் போடாமல் நாலு தனியாக. டாக்சி வந்துவிட்டது என்று ஆவி பறக்கப் பறக்க மூடியை அமுக்கி மூடினது மங்கைதான். ஆறவிட்டு மூடுத்தா என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது, விழுந்தும் மூடினாள். இப்போது திறந்தாள். ஒரு வாசமும் வரவில்லை. வரவில்லை என்பது நல்லதாகத்தான் பட்டது, மற்றவர்கள் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். இட்லி கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது, எண்ணெய் என்று நினைத்தாள். பிய்த்து ஊட்டினாள். ஒன்று, ஒன்றரை. பிள்ளை தின்றது. தானும் ஒன்று வாயில் போடலாமா என்று கையை எடுத்தபோது கட்டையின் மேல் கால் இன்னும் முன்னால் நகர்ந்தது, போட மனசில்லை. மூடிவைத்துவிட்டு டப்பாவைக் கீழே குனிந்து பைக்குள் செருகினாள், அந்த ஒரு நொடிதான். நிமிர்ந்தபோது தன் மகள் அந்தப் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோயிருந்தாள். மங்கை பிடுங்கக் கையை நீட்டினாள். நாலு பல், முளைத்து ஆறு மாதம், ஊசி மாதிரி. பின்னாலிருந்து ஒரு அலறல் வந்தது, ஆண் குரல்தான், கால் சந்துக்குள் பாம்பு மாதிரி உள்ளே போய்விட்டது. தேவகி அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். “நீ ஆறு மணி நேரமா செய்யாதத உன் மக செஞ்சிட்டா பாரு.” மங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பிள்ளையின் வாயைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள், ஈரத்துணி தீரும்வரை துடைத்தாள், சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. அந்த நகம். அந்தக் கறுப்பு. அது இப்போது பிள்ளைக்குள்ளே.

அதனால்தான், ஒன்றரை மணி நேரம் கழித்து விமானம் இறங்கத் தலையைச் சாய்த்தபோது பிள்ளை ஒரு மாதிரி முழித்து, விக்கி, அவள் கழுத்தோடு அணைந்தபடியே கொட்டியபோது, கால்தான் என்று நினைத்தாள். சூடாய் மார்புக்குள் இறங்கியது, இடுப்புக்குப் போயிற்று, இருக்கையில் தேங்கியது. இன்னொரு தடவை. லுங்கியால் பிடித்தாள், லுங்கி நனைந்தது. பெல்ட்டைக் கழற்றக் கூடாது என்று மணி அடிக்கிறது. உதட்டுச் சாயக்காரப் பெண் தூரத்திலிருந்தே கையைக் காட்டி உட்கார் உட்கார் என்கிறாள். உட்காருவதா? மங்கை எழுந்தாள். அக்கா காலை மடக்கினாள், பூண்டு ஆள் திடுக்கிட்டு முழித்து மூக்கைப் பிடித்தார், அவரே. கழிப்பறைக்குள் தரையெல்லாம் ஈரம், தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம், தொட்டியில் யாரோ தாளை அடைத்து அது மேலே வரை நிற்கிறது. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் குழாயை அமுக்கினால் விட்டதும் நிற்கிறது, அமுக்கினால் கால் கரண்டித் தண்ணீர். அதில் பிள்ளை முகத்தைக் கழுவி, தன் முகத்தையும் அழுத்திக் கழுவினாள். அப்போதுதான் மூக்கிலிருந்த தைலம் போயிற்று. எல்லாம் ஒரேயடியாக வந்தது. கழிப்பறை, மூத்திரம், மருந்து, அதற்கெல்லாம் மேலே புளித்துக் கெட்டுப்போன மாவு வாடை. தன் கழுத்திலிருந்து வந்தது. விரலை மோந்தாள். கால் இல்லை. கால் ஒன்றும் செய்யவில்லை, பாவம். இட்லி. நூல் விட்டிருந்த இட்லி. ஆவியோடு மூடினது இவள், வாசம் தெரியாமல் மூக்கை அடைத்துக்கொண்டது இவள், அதை ஊட்டினதும் இவள். வேறு யாரோ ஒருவன் காலுக்கு அருவருப்புப்பட்டு, தன் கையாலேயே. எந்தத் தாய்க்குப் பிள்ளைச் சோறு கெட்டது தெரியாமல் போகும்? கண்ணாடியில் பார்த்தாள், முடியில் இட்லித் துணுக்கு. இத்தனை நேரம் எல்லாரையும் பார்த்து முகத்தைச் சுளித்தோமே, இப்போது இந்த விமானத்திலேயே ரொம்ப நாறுகிற ஆள் இவள்தான். பிள்ளை கண்ணாடியைப் பார்த்து ஈ என்று சிரித்தது. வயிறு காலியானதும் அதற்கு விளையாட்டு வந்துவிட்டது. இருக்கைக்குத் திரும்பி வந்த வேகத்தில் இட்லி டப்பாவைக் குப்பைப் பையில் போட்டாள், அத்தையின் எவர்சில்வர் டப்பா, பேர் வெட்டினது, போகட்டும்.

கருப்பையாவைப் பார்க்கும்போது போட்டுக்கொள்ள என்று எடுத்து வைத்திருந்த வாடாமல்லி நிறச் சுடிதார் கீழே சரக்கில் போன பெட்டியில் இருந்தது. கைப்பைக்கு ஏழு கிலோ என்று திருச்சியில் எடைபோட்டுப் பிடுங்கி வைத்தார்கள், அப்போது அதையும் பெட்டிக்கு மாற்றினாள். இறங்கினால் பெட்டி வரத் தாமதமாகும் என்று ஒரு பலகையில் எழுதியிருந்தது. காத்திருக்க இவளுக்குப் பொறுமை இருந்தது, பிள்ளைக்கு இல்லை. பாஸ்போர்ட் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவர்கள் ஒரு எட்டு முன்னே தள்ளி நின்றார்கள், பின்னால் இருந்தவர்கள் ஒரு எட்டு பின்னே. இவளைச் சுற்றி ஒரு வட்டம், கோலம் போடுகிற அளவுக்குக் காலியாக. முத்திரை குத்துகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தியது தெரிந்தது. தொட்டில் பக்கம் போகும்போது இவளும் அப்படித்தான் பிடித்தாள். பெட்டி ஒருவழியாக வந்தது, மாற்ற இடம் தேடவில்லை. என்ன மாற்றினாலும் முடிக்குள் இருக்கிறது. கதவு தானாகத் திறந்தது.

கம்பித் தடுப்புக்கு அப்பால் கருப்பையா நின்றார். தள்ளித்தான் நின்றார். எல்லாரும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்க, அவர் மட்டும் தூணோரமாய், இஸ்திரி போட்ட சட்டை, தலை இன்னும் ஈரமாய், எத்தனை தடவை குளித்தாரோ. அங்கேயே நில்லுங்க மாமா என்று சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார் என்று பயந்து விழுங்கினாள். அதற்குள் அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டார். தன்னை மறந்து வேகமாக வந்தார், கையை நீட்டிக்கொண்டு, கிட்டே, இன்னும் கிட்டே. வந்தவர் கை பாதியில் மடங்கி மூக்குக்குப் போயிற்று. விளையாட்டுக்கு இல்லை. முகம் சுளித்து, கண் சுருங்கி, தலை பின்னால் போய், நிஜமாகவே. வைத்த பிறகுதான் தன் கை எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்தது. கையை எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை, கண்ணில் அப்படி ஒரு பயம். மங்கை அந்தக் கையையே பார்த்தாள். இருபது மாதமாய் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று, கழன்று, உருண்டு போயிற்று. அவர் வைக்கவில்லை. கை வைத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடிவயிற்றிலிருந்து, நிறுத்த முடியாமல், பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

“பரவால்ல மாமா, பரவால்ல.”

அவருக்கும் புரிந்துவிட்டது. மூக்கிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். “என்னடி இது, பொணத்த கட்டிக்கிட்டு வந்த மாதிரி.”

“உங்கம்மா சுட்ட இட்லி. அத விடுங்க. அன்னைக்கு ஏர்போர்ட்டுல காதுகிட்ட என்னமோ சொல்ல வந்தீங்கள்ல. என்னது?”

“அதுவா.” அவர் யோசிக்கவே இல்லை, நாக்கு நுனியிலேயே வைத்திருந்தார். “முதுகுல ரவிக்கை கொக்கி ரெண்டு கழண்டு கெடந்துச்சு. எல்லாரும் நிக்கிறாகளேன்னு சொல்ல வந்தேன்.”

“இம்புட்டுதானா?”

“நீ எங்க சொல்ல விட்ட.”

அப்படியே வீடு வரைக்கும் போயிருக்கிறாள், பஸ்ஸில், அத்தனை பேருக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் என்ன அன்பு சொல்ல வந்தாரோ என்று அழுதுகொண்டு. கருப்பையா கையை இறக்கி, மூச்சை இழுத்துவிட்டு, நாறுகிற லுங்கியோடு சேர்த்துப் பிள்ளையை வாங்கினார். வாங்கும்போது அவர் தோள் இவள் முகத்துக்குக் கிட்டே வந்தது. தெரியாத சோப்பு. ஏதோ ஒரு குளிர் தேசத்து எண்ணெய். அதற்கு அடியில், எத்தனை குளித்தும் போகாமல், சுட்ட இரும்பு. மங்கை முந்தானை இல்லாத கையைக் கீழேயே வைத்துக்கொண்டு, வயிறு புரளும் என்று காத்திருந்தாள்.

வயிற்றுக்குப் பசித்தது.